வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கிளிநொச்சிப் பக்கம் உயர்தரம் வரை உள்ள ஒரு அரசாங்கப் பாடசாலை. பழைய மாணவர் சங்கம் வரலாற்று மலர் ஒன்று போட நினைக்கிறது. பிரதான கட்டடத்தின் திறப்புக் கல்லில் 2011 என்று இருக்கிறது. ஊரில் எழுபது எண்பது வயதுக்காரர்கள் தாங்கள் அங்கேதான் படித்தோம் என்கிறார்கள். அதிபர் அன்றாட நிகழ்வுகளைக் குறிக்கிற சம்பவத்திரட்டுப் புத்தகம், மாணவர் சேர்வைப் பதிகிற சேர்விடாப்பு ஒன்றும் கையில் இல்லை. "எந்த ஆண்டை எழுதுவது? கட்டடத்தைப் பார்த்து ஏதாவது சொல்ல முடியுமா?" இதுதான் கேள்வி.

தம்பி, அந்த 2011ஐ மலரின் அட்டையில் தொடக்க ஆண்டாகப் போட்டுவிடாதீர்கள். இப்போது நிற்கிற கட்டடம் எப்போது திறக்கப்பட்டது என்பதற்கு மேல் அந்தக் கல் எதையும் சொல்லாது. வன்னியின் பழைய பாடசாலைகளில் பெரும்பாலானவை தாங்கள் இருக்கிற கட்டடத்தைவிட வயதில் மூத்தவை. இடையில் கட்டடமே இல்லாமல் மரத்தடியில் நடந்திருக்கின்றன, வேறு ஊரில் வேறு பள்ளியின் வளவுக்குள் ஒதுங்கியும் நடந்திருக்கின்றன. ஆகவே பள்ளிக்கூடம் எப்போது தொடங்கியது என்பதையும், எந்தக் கட்டடம் எப்போது எழும்பியது என்பதையும் தனித்தனியாகத் தேடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் உங்கள் பெரியவர்கள் பொய் சொல்வதுபோலத் தோன்றும். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

கிளிநொச்சியைப் பொறுத்தவரை எல்லாம் குளத்தில் இருந்துதான் தொடங்குகிறது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902இல் ஆரம்பித்து 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. அதற்கிடையில் 1905இல் வடக்கு ரயில் பாதையும் முழுதாகத் திறந்துவிட்டது. தண்ணீரும் வந்தது, ரயிலும் வந்தது, ஆனால் சனம் குறைவு. யாழ்ப்பாணத்தில் காணி நெருக்கடி, படித்த பெடியளுக்கு வேலை இல்லை. 1935இல் காணி அபிவிருத்திச் சட்டம் வர, 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் ஆரம்பித்தது. குடியேறியவருக்கு வயற்காணியும் வீடு கட்ட மேட்டுக்காணியும் கொடுத்தார்கள். முதலில் வந்தவர்கள் காட்டோடும் யானையோடும் மலேரியாவோடும் மல்லுக்கட்டினார்கள். 1940களின் பிற்பகுதியில் டி.டி.டி. தெளித்து மலேரியா அடங்கிய பிறகுதான் பலர் பெண்டு பிள்ளைகளைத் துணிந்து கூட்டிவந்து நிரந்தரமாக இருந்தார்கள்.

பிள்ளைகள் வந்தால் பள்ளிக்கூடம் வேண்டும். கோயில் மடத்திலோ யாராவது ஒருவருடைய மேட்டுக்காணியில் போட்ட கிடுகுக் கொட்டிலிலோ, ஒரு வாத்தியாரோடு தொடங்கிய பள்ளிகள் வன்னி முழுக்க உண்டு. அரசாங்கப் பதிவு அதற்குப் பிறகுதான் வரும். உங்கள் ஊரில் ஒருவர் 1949 என்றும் இன்னொருவர் 1952 என்றும் சொன்னால் சண்டை பிடிக்க வேண்டாம். ஒருவர் கொட்டில் போட்ட ஆண்டைச் சொல்கிறார், மற்றவர் பதிவான ஆண்டையோ கல் கட்டடம் வந்த ஆண்டையோ சொல்கிறார். இரண்டையும் எழுதுங்கள், எது எதற்கான ஆண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அரசாங்கம் மட்டும் பள்ளி வைத்திருக்கவில்லை. கத்தோலிக்க, மெதடிஸ்த, அமெரிக்க மிசன்களின் பள்ளிகள் வடக்கில் ஏற்கெனவே இருந்தன. 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், அதாவது இந்துபோர்ட், சைவப் பிள்ளைகளுக்கென்று ஊரூராகப் பள்ளிகளை நிறுவியது. இந்துபோர்ட் இராசரத்தினம் என்ற பெயரைப் பெரியவர்கள் இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். 1960 டிசம்பரில் உதவி நன்கொடை பெற்ற பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. அதற்குப் பிறகு பல இடங்களில் பெயர்ப்பலகை மாறியது. ஆகவே பழைய விடுகைப் பத்திரம் ஒன்று எங்காவது கிடைத்தால் அதில் பள்ளியின் பெயரை எழுத்து விடாமல் பாருங்கள். 'அ.த.க.' என்றால் அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை. 'றோ.க.த.க.' என்றால் றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன். 'அ.மி.' என்றால் அமெரிக்க மிசன். இந்த நாலு எழுத்து, பள்ளியை யார் தொடங்கினார்கள் என்பதற்கு நல்ல ஆதாரம். மிசன் பள்ளி என்றால் அந்தந்தச் சபையிடம் போய்க் கேட்கலாம், அவர்கள் கடதாசியைப் பேணி வைப்பவர்கள்.

பெயரில் 'மத்திய' என்று இருந்தால் உடனே அதைக் கன்னங்கரா காலத்தோடு இணைத்துவிடுகிறார்கள். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940களில், அரசாங்க சபைத் தொகுதிக்கு ஒன்று என்ற நோக்கத்தில் நாடு முழுக்க 54 மத்திய பாடசாலைகள் வந்தன. 1945இல் இலவசக் கல்வியும் வந்தது. கிராமத்துப் பிள்ளை கட்டணம் கட்டாமல் உயர்ந்த வகுப்புப் படிக்கலாம் என்ற நிலை அப்போதுதான் உருவானது, அதன் பெருமையை எவ்வளவு சொன்னாலும் தகும். ஆனால் பின்னாளில் 'மத்திய மகா வித்தியாலயம்', 'மத்திய கல்லூரி' என்ற பெயர்கள் தரமுயர்த்தப்பட்ட வேறு பள்ளிகளுக்கும் போனது. பெயரை மட்டும் வைத்து 1940கள் என்று எழுதாதீர்கள்.

உயர்தர வகுப்பு எப்போது வந்தது என்பதுதான் உங்கள் பள்ளிக்கு இரண்டாவது பிறப்பு, அதற்குத் தனி அத்தியாயம் வையுங்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம் வைக்க வேண்டும் என்றால் ஆய்வுகூடம் வேண்டும், பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் ஆசிரியர் வேண்டும். வன்னிக்கு இடமாற்றம் கிடைத்தால் அதைத் தண்டனை என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. அப்படியும் வந்து, விடுதி அறையில் கிடந்து, மாலையில் குப்பி விளக்கில் மேலதிக வகுப்பு எடுத்த ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்களை மலரில் விடாமல் சேர்க்க வேண்டும்.

இந்த இடத்தில் பலருக்கு மறந்துபோன ஒரு விடயம் உண்டு. 1974இல் பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்ட ஒதுக்கீடு வந்தது. வவுனியா, மன்னார் பிள்ளைகள் பின்தங்கிய மாவட்டத்தவர் என்ற கணக்கில் வந்தார்கள். கிளிநொச்சி அப்போது யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. 1984இல்தான் அது தனி மாவட்டமானது. (முல்லைத்தீவு 1978இலேயே ஆகிவிட்டது.) அந்தப் பத்து ஆண்டுகளில் வட்டக்கச்சியிலோ உருத்திரபுரத்திலோ படித்த பிள்ளை, யாழ்ப்பாணப் பட்டணத்தின் பெரிய கல்லூரிப் பிள்ளையோடு ஒரே மாவட்டக் கணக்கில் போட்டி போட்டது. 1984க்கு முன் உங்கள் பள்ளியில் இருந்து பல்கலைக்கழகம் போனவர் எண்ணிக்கை குறைவாக இருந்தால் அதற்கு வெட்கப்படத் தேவையில்லை. அந்த ஆண்டுகளில் போன ஒவ்வொருவரையும் தேடிக் கண்டுபிடித்து எழுதுங்கள்.

சரி, கட்டடத்துக்கு வருவோம்.

வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். முன்னால் நிற்கிற மாடிக் கட்டடத்தை விட்டுவிட்டு பின்பக்கம் போங்கள். சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், அல்லது களஞ்சியமாகப் பாவிக்கிற இடத்தில், நீளமான ஒற்றைத்தட்டு மண்டபம் ஒன்று நின்றால் அதுதான் உங்கள் பொக்கிஷம். இலங்கைப் பாடசாலைகளில் பழைய மண்டபங்கள் 20 அடி அகலக் கணக்கில் கட்டப்பட்டன. 20 அடிக்கு ஒரு வகுப்பு. நீளம் 60 அடி என்றால் மூன்று வகுப்பு, 80 என்றால் நாலு, 100 என்றால் ஐந்து. நீங்களே நாடா பிடித்து அளந்து பார்க்கலாம். அளவு இந்தக் கணக்குக்கு ஒத்துவந்தால், பிறகு எவ்வளவு பூசி மெழுகியிருந்தாலும் அடித்தளம் அந்தக் காலத்துத் திணைக்கள வரைபடத்தில் எழும்பியது என்று நினைக்க இடமுண்டு.

அதன் சுவரைப் பாருங்கள். இடுப்பளவு அரைச்சுவர், அதற்கு மேல் திறந்த வெளி அல்லது பூக்கல். சனம் இதைக் காசு போதாமல் பாதியில் விட்ட வேலை என்று நினைக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. வன்னியின் சித்திரை, வைகாசி வெயிலில் மூடிய அறைக்குள் முப்பது நாற்பது பிள்ளைகளை இருத்திப் பாருங்கள், தெரியும். அரைச்சுவர் மண்டபத்தில் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும். நீட்டுப் பக்கம் வடக்கும் தெற்கும் பார்க்க வைத்தால் காலை வெயிலும் பின்னேர வெயிலும் வகுப்புக்குள் அடிக்காது. ஓட்டுக் கூரை சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். மின்சாரமோ மின்விசிறியோ இல்லாத ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பறை கிடைக்காது. இப்போது கட்டுகிற மாடி வகுப்புகளில் மின்சாரம் நின்றால் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பார்க்கிறபோது, அந்தப் பழைய வரைபடத்தைப் போட்டவர்மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

பொருட்களும் காலம் சொல்லும். காரை பெயர்ந்த இடத்தில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் தெரிந்தால் பழையது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் வடக்கில் சீமெந்து தாராளமாகப் புழங்கியது, சீமெந்துக் கல் கட்டடங்கள் பெருகின. அந்தத் தொழிற்சாலை 1990இல் போரோடு நின்றுபோனது. அதே காலத்தில் அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையும் வந்தது. சீமெந்து, இரும்பு, எரிபொருள், பற்றரி எல்லாம் தடைப்பட்டியலில். அனுமதி பெற்று வந்த சொற்பத்தைத் தவிர, 2002 வரை வன்னிக்குள் ஒரு மூட்டை சீமெந்து என்பது கனவு. இதை வைத்து ஒரு நல்ல முடிவுக்கு வரலாம். உங்கள் வளவில் நிற்கிற சீமெந்துக் கட்டடம் எதுவும் பெரும்பாலும் 1990க்கு முந்தியதாகவோ, 2002க்குப் பிந்தியதாகவோதான் இருக்கும். நடுவில் உள்ள பன்னிரண்டு ஆண்டுகளுக்கான கட்டடங்கள் தடியும் கிடுகும் களிமண்ணும். அவை இன்று நிற்க மாட்டா. அதனால் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பள்ளியே நடக்கவில்லை என்று யாரும் எழுதிவிடக் கூடாது. நடந்தது, அதுவும் மிக நன்றாக நடந்தது.

அந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தில் இருந்து சனம் மொத்தமாக வெளிக்கிட்டது. அதில் ஏராளம் பேர் வன்னிக்கு வந்தார்கள். வன்னிப் பள்ளிகளில் ஒரே நாளில் வகுப்புகள் இரட்டித்தன. அடுத்த ஆண்டே, 1996 யூலைக்கும் செப்ரெம்பருக்கும் இடையில், இராணுவ நடவடிக்கையில் கிளிநொச்சி நகரம் காலியானது. நகரத்துப் பள்ளிகள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, தருமபுரம், புதுக்குடியிருப்பு என்று சிதறின. சில பள்ளிகள் சொந்தப் பெயரோடு, சொந்த அதிபரோடு, இன்னொரு பள்ளியின் வளவில் பின்னேர நேரத்தில் நடந்தன. காலையில் ஊர்ப் பள்ளி, மத்தியானத்துக்குப் பிறகு இடம்பெயர்ந்த பள்ளி. வாங்கும் மேசையும் ஒன்றுதான், இடாப்பு மட்டும் வேறு. வளவுக்குள் பதுங்குகுழி இருந்தது. விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் வரிசையாக இறங்குவார்கள், சத்தம் ஓய்ந்ததும் ஏறிவந்து விட்ட கணக்கைத் தொடருவார்கள்.

1998 செப்ரெம்பரில் கிளிநொச்சி இராணுவத்திடம் இருந்து மறுபடி புலிகளிடம் கைமாறியது. ஆனாலும் 2000 ஏப்ரலில் ஆனையிறவு கைமாறிய பிறகும், முக்கியமாக 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகும்தான் சனம் நம்பிக்கையோடு திரும்பியது. வந்து பார்த்தால் கூரை இல்லை, நிலை யன்னல் இல்லை. மரம் எல்லாம் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் போயிருந்தது, ரயில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் போனதுபோல. வளவுக்குள் மிதிவெடி. சமாதான காலத்தில் வந்த திருத்த வேலைகளில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் நடந்த நெக்கோட் திட்டத்தின் பெயர் பல கட்டடங்களில் இருந்தது. அவற்றிலும் பல 2008, 2009இல் மீண்டும் அழிந்தன.

2009 ஜனவரி 2இல் இராணுவம் கிளிநொச்சிக்குள் வந்தது. அதற்கு முன்பே சனம் கிழக்கே நகரத் தொடங்கிவிட்டது. அந்தப் பாதையில் என்னென்ன தொலைந்தது என்று சொல்லி மாளாது. அதிபர்கள் சிலர் இடாப்புகளை உரப்பையில் கட்டிச் சுமந்தார்கள், முடியாத கட்டத்தில் விட்டுவிட்டு உயிரோடு வந்தார்கள். உங்கள் பள்ளியின் சம்பவத்திரட்டும் அந்தப் பாதையில்தான் எங்கோ போயிருக்கும். யாரையும் குறை சொல்ல வேண்டாம். பிறகு வவுனியாவில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாம்கள். இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயரிட்ட வலயங்களில் கூடாரத்துக்குள் வகுப்பு நடந்தது. 2009 ஓகஸ்டில் பிள்ளைகள் முகாமுக்குள் இருந்தபடியே உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். மலரில் அந்த அணிக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மீள்குடியேற்றத்துக்குப் பிந்திய கட்டடங்களை அடையாளம் காண்பது லேசு. முதலில் தகரக் கூரையும் பலகையும் தரப்பாளுமாகத் தற்காலிகக் கொட்டகைகள், பிறகு வெளிநாட்டு உதவியில் வந்த மாடிகள். அரசாங்கத் திட்டத்தில் வந்து நாடு முழுக்க ஒரே முகத்தோடு நிற்கிற மகிந்தோதய ஆய்வுகூடம் 2010களின் முதற்பாதி. 'அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை' என்ற திட்டப் பலகை இருந்தால் 2016ஐ ஒட்டியது அல்லது அதற்குப் பிந்தியது.

இனி ஆவணம். ஒன்றுமே இல்லை என்று கைவிடாதீர்கள், பள்ளியில் இல்லாதது வேறு இடத்தில் இருக்கக்கூடும். பரீட்சைத் திணைக்களத்திடம் பழைய பெறுபேறுகள் உண்டு. உங்கள் பள்ளி மாணவர் ஒருவரின் பழைய சான்றிதழைப் பார்த்தாலே எந்த ஆண்டில் எந்தப் பரீட்சைக்குப் பள்ளி பிள்ளைகளை அனுப்பியது என்று தெரியும். பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியிலும் நில அளவைத் திணைக்களத்திலும் குடியேற்றத் திட்ட வரைபடத்தைக் கேளுங்கள். பாடசாலைக்கென ஒதுக்கிய துண்டு அதில் குறித்திருக்கும், வரைபடத்தின் ஆண்டும் இருக்கும். வடக்கும் கிழக்கும் 1988இல் இருந்து 2006 முடிவு வரை ஒரே மாகாணமாக நிருவகிக்கப்பட்டன, கல்வி அமைச்சு திருகோணமலையில் இருந்தது. அந்தக் காலத்து ஆசிரியர் நியமனம், கட்டட அனுமதி பற்றிய கடிதங்களை யாழ்ப்பாணத்தில் மட்டும் தேடினால் போதாது. நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் ஈழத்துப் பாடசாலை மலர்கள் நிறைய மின்வருடப்பட்டிருக்கின்றன. உங்கள் பள்ளி மலர் இல்லாவிட்டாலும் பக்கத்துப் பள்ளி மலரில் உங்கள் பெயர் வரும். விளையாட்டுப் போட்டி, தமிழ்த்தினப் போட்டி, இடமாற்றம் பெற்ற ஆசிரியர் என்று ஏதோ ஒரு வரியில்.

பெரியவர்களிடம் பேசும்போது "எந்த ஆண்டு?" என்று நேரே கேட்காதீர்கள். ஆண்டு நினைவில் நிற்காது, சம்பவம் நிற்கும். 1964 புயலுக்கு முன்பா பின்பா? மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போன சிறிமா காலத்திலா? 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து பிள்ளைகள் வந்து சேர்ந்தபோது மண்டபம் இருந்ததா? என்ன சோதனை எடுத்தீர்கள்? எஸ்.எஸ்.சி. (சாதாரண தரத்துக்கு முந்திய பள்ளி இறுதிச் சோதனை) என்றால் 1950களின் தொடக்கம் அல்லது அதற்கு முன். என்.சி.ஜி.ஈ. (சாதாரண தரத்துக்குப் பதிலாக வந்த சோதனை) என்றால் 1970களின் நடுப்பகுதி. அதை ஒரு சில ஆண்டுகள்தான் வைத்தார்கள், எனவே அந்தப் பதில் கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டு, ஒத்துவருவதை எழுதுங்கள். ஒத்துவராததை யார் சொன்னார் என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

அட்டையில் ஒரே ஆண்டைப் போட வேண்டிய கட்டாயம் வந்தால், ஊரில் முதல் வகுப்பு நடந்த ஆண்டைப் போடுங்கள். பதிவான ஆண்டு, உயர்தரம் தொடங்கிய ஆண்டு, 1996இல் வெளிக்கிட்டது, திரும்பியது, 2009, மீளத் திறந்தது ஆகியவற்றை முதற் பக்கத்திலேயே வரிசையாகக் கொடுத்துவிடலாம். இடம்பெயர்ந்து நடந்த வளவுகளின் பெயர்களையும் இடம் கொடுத்த பள்ளிகளின் பெயர்களையும் அதே பக்கத்தில் சேருங்கள்.

கடைசியாக ஒரு அவசர வேலை. பின்பக்கத்தில் பழைய அரைச்சுவர் மண்டபம் நிற்கிறது என்றால், புதுக் கட்டடத்துக்காக அதை இடிக்க முன்மொழிவு எதுவும் போயிருக்கிறதா என்று அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் இந்த வாரமே விசாரியுங்கள். போயிருந்தால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேசி, அதைத் திருத்தி நூலகமாகவோ ஆவண அறையாகவோ வைக்கக் கேளுங்கள். முடியாது என்றால், இடிக்க முன்பு நாலு பக்கமும் அளந்து, கூரை மரம் வரை படம் எடுத்து வையுங்கள். சுவரில் உள்ள சன்னத் துளைகளையும் சேர்த்து எடுங்கள்.